இந்த வயசுல மட்டை எதுக்கு?

“இந்த வயசுல இதெல்லாம் தேவையா?”

நம் வீடுகளில் உப்பு, புளிக்கு அடுத்தபடியாகத் தினமும் செலவாகிற சாமான் இந்தக் கேள்விதான். ஐம்பது வயதுப் பெண்மணி சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொள்கிறேன் என்றால் இந்தக் கேள்வி. அறுபது வயதுப் பெரியவர் வீணை வகுப்பில் சேர்ந்தால் இந்தக் கேள்வி. அதிலும், தலை நரைத்த வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாததுமாக வெள்ளைப் பேன்ட்டை மாட்டிக்கொண்டு, கிரிக்கெட் மட்டையும் கையுமாகக் கிளம்பினால் கேட்க வேண்டுமா? குக்கர் விசில் மாதிரி அது தானாகவே வந்துவிடும்!

இந்த முறை அந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டக்காரர்களைப் பற்றித்தான் பேசப் போகிறேன். சகோதரிகளே, பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இது விளையாட்டுப் பக்கம் இல்லை. நம் வீட்டுப் பக்கம்தான். மைதானத்தில் விழுகிறவர் அவர் என்றாலும், ராத்திரி தைலமும் கையுமாக உட்காரப் போவது யார்? நாம்தானே!

எங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் உண்டு. வயது 51. வாரத்தில் ஆறு நாள் நாற்காலி உத்தியோகம். ஞாயிறு காலை மட்டும் கிளப் மேட்ச். டீமில் பாதிப் பேர் எங்கள் பையன் வயது. ‘அங்கிள்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். இரண்டாவது ரன்னுக்கு எதிர்முனைப் பையன் ஓடி வந்தால், “வேணாம்ப்பா, ஒண்ணு போதும்” என்று கையைக் காட்டிவிடுவார். ஆனால் சாயங்காலம் பாருங்கள், அந்த ஒற்றை ரன்னை ஒரு மணி நேரம் சொல்வார்!

திருவண்ணாமலையில் குடியிருந்துகொண்டு வயசைப் பற்றிப் பேசுவதே கொஞ்சம் கூச்சமான காரியம். பௌர்ணமி இரவில் எங்கள் ஊருக்கு வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை. செருப்பில்லாமல், எழுபது வயதுப் பாட்டிமார்கள் இந்திர லிங்கத்தில் ஆரம்பித்து ஈசான்ய லிங்கம் வரை எட்டு லிங்கங்களையும் கும்பிட்டுக்கொண்டே நடந்து முடிக்கிறார்கள். என் மாமியாருக்கு வயது 72. மாதம் தவறாமல் போகிறார். “இந்த வயசுல எதுக்கும்மா?” என்று ஒருவராவது அவரைக் கேட்டதில்லை. கேட்டால் கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்!

அது பக்தி, இது விளையாட்டு என்று நாம் பிரித்து வைத்திருக்கிறோம். மூட்டுக்கும் இதயத்துக்கும் அந்த வித்தியாசம் தெரியாது. ஆனால் அவற்றுக்குத் தெரிந்த வேறு ஒரு வித்தியாசம் இருக்கிறது. மாமியார் தினமும் கோயிலுக்கு நடந்து போய், நடந்தே திரும்புகிறவர். பௌர்ணமி நடை அவருக்குத் தினசரி நடையின் நீட்சி. நம் ஞாயிற்றுக்கிழமை ஆட்டக்காரரோ ஆறு நாள் உட்கார்ந்துவிட்டு, ஏழாம் நாள் திடீரென்று ஓடுகிறார். ஆபத்து ஐம்பத்தொன்று என்ற எண்ணில் இல்லை. அந்த ஆறு நாளில்தான் இருக்கிறது. நான் சொல்ல வந்ததன் சாரமே இதுதான்.

வயசு குறுக்கே நின்றதா?

கிரிக்கெட்டில் வயதானவர்கள் ஆடுவது புதிதும் அல்ல. இந்தியாவின் முதல் டெஸ்ட் காப்டன் சி.கே. நாயுடு 1956-57 ரஞ்சிக் கோப்பைப் பந்தயத்தில் ஆடியபோது அவருக்கு அறுபது தாண்டியிருந்தது. இங்கிலாந்தின் வில்பிரட் ரோட்ஸ் 1930-ல் தம் கடைசி டெஸ்டை ஆடியபோது வயது 52. தாடிக்காரர் டபிள்யூ.ஜி. கிரேஸ் தொழிலால் டாக்டர். அவரே 66 வயதில், 1914-ல், கிளப் மேட்ச் ஆடியிருக்கிறார். நம் பக்கத்து எம்.ஜே. கோபாலன், 1934-ல் ரஞ்சிப் போட்டிகளின் முதல் பந்தையே வீசியவர். ஹாக்கியிலும் இந்தியாவுக்கு ஆடியவர். நாற்பதைத் தாண்டியும் சென்னை மாகாண அணிக்கு ஆடினார்.

இவர்களெல்லாம் பெரிய பேர் பெற்றவர்கள், நமக்கு எதுக்கு என்பீர்கள். சரி, பிரவீண் தாம்பேயைப் பாருங்கள். மும்பையில் வருஷக்கணக்காகக் கிளப் ஆட்டமும் ஆபீஸ் ஆட்டமும் ஆடிக்கொண்டிருந்தவர். 2013-ல், 41 வயதில், ஐ.பி.எல். போட்டியில் முதன்முதலாக இறங்கினார். மறு வருஷமே அதில் ‘ஹாட்ரிக்’ எடுத்தார். அதையும் விடுங்கள். 2024-ல் நம் சென்னையிலேயே அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கென்று ஓர் உலகக் கோப்பை நடந்தது! பல நாட்டுத் தாத்தாக்கள் மட்டையும் கையுமாக விமானம் ஏறி வந்து ஆடிவிட்டுப் போனார்கள்.

அதே 2024-ல் வந்த ‘லப்பர் பந்து’ படத்தை நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள். கல்யாண வயதில் பெண் இருந்தும் ஊர் ஊராகப் போய் ரப்பர் பந்து ஆடும் ஒருவர். அது பிடிக்காத அவர் மனைவி. அந்தச் சண்டை பக்கத்து வீட்டுச் சண்டை மாதிரி இருந்தது என்றால், நிஜமாகவே பக்கத்து வீட்டில் அது நடக்கிறது என்பதுதான் காரணம்!

பயப்பட வேண்டிய இடம் எது?

ஆடலாம் என்று சொல்லிவிட்டேன். ஆனால் எப்படி வேண்டுமானாலும் ஆடலாம் என்று சொல்லவில்லை.

முதலில் பந்து. டென்னிஸ் பந்தின் எடை 60 கிராம்கூட இல்லை. தோல் பந்தோ 156 முதல் 163 கிராம் வரை. கல் மாதிரி கெட்டி. இந்தியாவுக்கு டெஸ்ட் ஆடிய ராமன் லம்பா 1998 பிப்ரவரியில் டாக்காவில் ஒரு கிளப் மேட்ச் ஆடினார். வயது 38. மட்டை பிடிப்பவருக்கு மிக அருகில் போய் நின்றார். ஓவர் முடிய மூன்று பந்துதான் பாக்கி, ஹெல்மெட் எதற்கு என்று இருந்துவிட்டார். பந்து தலையில் பட்டது. எழுந்து தானே நடந்து வெளியே வந்தார். பிறகுதான் நிலைமை மோசமானது. மூன்று நாளில் உயிர் போய்விட்டது.

அனுபவசாலிக்கே இந்தக் கதி என்றால், கண்ணும் கையும் ஒரு நொடி தாமதமாக வேலை செய்கிற நம் வீட்டுக்காரர் எங்கே நிற்க வேண்டும்? பக்கத்தில் நிற்கவே கூடாது. தோல் பந்து என்றால் மட்டை பிடிக்கும்போது ஹெல்மெட், காலுறை, கையுறை, அடிவயிற்றுக் காப்பு எல்லாம் கட்டாயம். “ஒரு ஓவர்தானேம்மா” என்பதை ஒத்துக்கொள்ளாதீர்கள். தலையில் அடிபட்டு, எழுந்து நடந்தாலும் ஆட்டம் அன்றோடு நிற்க வேண்டும். தலைவலி அதிகமாவது, வாந்தி, தூக்கம் தூக்கமாக வருவது, பேச்சு குழறுவது இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால், ஒரு குறியும் இல்லாவிட்டாலும் போய்க் காட்டிவிட வேண்டும்.

அடுத்தது இதயம். நாற்பதைத் தாண்டியவர் பல வருஷ இடைவெளிக்குப் பிறகு மட்டையை எடுக்கிறார் என்றால், அதற்குமுன் டாக்டரிடம் ஒரு நடை போய் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்ட்ரால், இ.சி.ஜி. பார்த்துவிடுவது நல்லது. அப்பாவுக்கோ அண்ணனுக்கோ சின்ன வயதிலேயே மாரடைப்பு வந்திருந்தால் அதையும் மறக்காமல் சொல்ல வேண்டும். ஓய்வாகப் படுத்திருக்கும்போது எடுத்த இ.சி.ஜி. சரியாக இருந்தால் மட்டும் எல்லாம் சரி என்று ஆகிவிடாது. தேவைப்பட்டால் டாக்டர் நடக்கவிட்டும் பரிசோதிப்பார்.

ஆட்டத்தின் நடுவில் நெஞ்சை அழுத்துகிற மாதிரி வலி, இடது கையிலோ தாடையிலோ பரவுகிற வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல், தலை கிறுகிறுப்பு வந்தால், “வாயுதான், ஒரு சோடா குடிச்சா சரியாயிடும்” என்கிற பேச்சே வேண்டாம். நம் ஊரில் எத்தனையோ மாரடைப்புகள் ‘வாயு’ என்ற பெயரில்தான் வீட்டுக்குள் நுழைகின்றன. உடனே 108-க்கு போன் செய்யுங்கள். ஆள் நினைவிழந்து, மூச்சும் நின்றுவிட்டால், வண்டி வரும்வரை நடு நெஞ்சில் இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும். இதை எங்காவது சொல்லிக்கொடுத்தால் நாமும் போய்க் கற்றுக்கொள்ளலாம். கிரிக்கெட்டுக்கு மட்டுமா? எந்த வீட்டுக்கும் எந்த நாளும் உதவும்.

‘யாரோ உதைச்ச மாதிரி இருந்துச்சு’

இதயம் சரியாக இருந்தாலும் காலை நம்ப முடியாது. பீல்டிங்கில் அரை மணி நேரம் சும்மா நின்றுவிட்டு, பந்து வந்ததும் ஒரே பாய்ச்சலில் ஓடுவார்கள். அப்போதுதான் தொடையின் பின்தசையோ கெண்டைக்கால் தசையோ இழுத்துக்கொள்ளும். குதிகாலுக்கு மேலே கெட்டியான கயிறு மாதிரி ஒரு தசைநாண் இருக்கிறது. அது அறுந்தால், பின்னாலிருந்து யாரோ உதைத்த மாதிரி இருக்கும். திரும்பிப் பார்த்தால் யாரும் இருக்கமாட்டார்கள். நுனிக்காலில் நிற்க முடியாது. இதற்கு அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

சாதாரணப் பிடிப்புதான் என்றாலும், நாம் வழக்கமாகச் செய்கிற வெந்நீர் ஒத்தடமும் எண்ணெய் போட்டு நீவுவதும் முதல் இரண்டு நாளைக்கு ஆகவே ஆகாது, வீக்கம் கூடும். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் வைத்து எடுங்கள். இரண்டு மூன்று மணிக்கு ஒரு தரம் வைக்கலாம். காலைத் தலையணைமேல் தூக்கி வைக்கட்டும்.

வராமல் தடுக்க வழி உண்டு. ஆட்டத்துக்கு முன் பத்து நிமிடம் மெதுவாக ஓடி, கை கால்களை வீசி, உடம்பைச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். பையன்கள் செய்யும்போது இவர் மட்டும் பேப்பர் படித்துக்கொண்டு உட்காரக் கூடாது! பீல்டிங்கின்போதும் ஓவருக்கு ஓவர் கொஞ்சம் நடந்துகொண்டே இருப்பது நல்லது.

நாற்பதுக்குமேல் வெள்ளெழுத்து வருவது சகஜம். தூரத்துக்கும் படிக்கவும் சேர்ந்த கண்ணாடி போட்டுக்கொண்டு காட்ச் பிடிக்கப் போனால், கீழ்ப்பாதிக் கண்ணாடியில் பந்து மங்கித் தெரியும். ஆடுவதற்கென்று தூரப்பார்வைக்கு மட்டுமான, உடையாத வகைக் கண்ணாடி ஒன்று தனியாக இருக்க வேண்டும்.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் வெறும் வயிற்றில் போகவே கூடாது. இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். சட்டைப் பையில் குளுகோஸோ நாலு சர்க்கரை மிட்டாயோ இருக்கட்டும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் உடனே வாயில் போட வேண்டும். அவருக்குச் சர்க்கரை இருப்பது டீமில் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும். இதில் வெட்கம் என்ன?

எங்கள் ஊர் வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கோடையில் பாறையும் சேர்ந்து காயும். அந்த மாதங்களில் விடிகாலையில் ஆரம்பித்து, வெயில் ஏறுமுன் முடித்துவிடுவதுதான் புத்திசாலித்தனம். தாகம் எடுக்கக் காத்திராமல் அடிக்கடி தண்ணீர் குடிக்க வேண்டும். நீர்மோரில் உப்பும் கறிவேப்பிலையும் போட்டுக் கொடுத்தனுப்புங்கள். கலர் கலராக விற்கிற பானங்களைவிட அது மேல். ரத்த அழுத்தக்காரர் மட்டும் உப்பு விஷயத்தை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

செவ்வாய்க்கிழமை நடந்தீங்களா?

இத்தனையும் ஞாயிற்றுக்கிழமைக்கு. ஆனால் ஞாயிறு ஆட்டம் திங்கட்கிழமையே ஆரம்பமாகிறது. வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உழைப்பும், இரண்டு நாளாவது தசைகளுக்குப் பலம் தரும் பயிற்சியும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது. 150 நிமிடம் என்றால் பயந்துவிடாதீர்கள். ஐந்து நாள், தினம் அரை மணி நடை. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகம் போதும்.

பலத்துக்கு ஜிம் தேவையில்லை. வாசல் படியில் நுனிக்காலில் நின்று குதிகாலை ஏற்றி இறக்குவது 15 தடவை. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது 10 தடவை. பல் தேய்க்கும்போது ஒற்றைக்காலில் நிற்பது. (கொக்கு மாதிரி நிற்கிறாரே என்று குழந்தைகள் சிரிக்கட்டும், பரவாயில்லை!)

ஆகவே, கேள்வி கேட்பதை விட வேண்டாம். கேள்வியை மட்டும் மாற்றிக்கொள்வோம். “இந்த வயசுல தேவையா?” என்பதற்குப் பதில் கிடையாது; சண்டைதான் கிடைக்கும். “என்னங்க, செவ்வாய்க்கிழமை நடந்தீங்களா?” என்று கேட்டுப் பாருங்கள். அதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்லியாக வேண்டும். வாரம் பூராவும் நடக்கவில்லை என்றால், அந்த ஞாயிறு ஸ்கோர் எழுதப் போகட்டும், அம்பயராக நிற்கட்டும். அதுவும் ஆட்டத்தில் சேர்த்திதான்.

ஞாயிறு யாருடையது?

உடம்பைப் பற்றிப் பேசியாயிற்று. மனசில் இருக்கிற இன்னொன்றையும் பேசிவிடலாமா? நமக்கு எரிச்சல் அவர் வயதில் இல்லை, ஞாயிற்றுக்கிழமையில்தான். ஆறு நாள் ஆபீஸ், ஏழாம் நாள் மைதானம்; நமக்கு ஏழு நாளும் அடுப்படி. போதாக்குறைக்கு, செம்மண்ணும் சிவப்புப் பந்தும் அப்பிய வெள்ளைப் பேன்ட் வேறு!

எங்கள் வீட்டு ஏற்பாட்டைச் சொல்கிறேன், பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள். மாதத்தில் இரண்டு ஞாயிறு மேட்ச். மூன்றாவது ஞாயிறு காலை முழுக்கச் சமையலறை அவருடையது. நான் வீட்டில் இருக்கமாட்டேன். நான்காவது எல்லோருக்கும் பொது. பேன்ட் அவர் பொறுப்பு. மண் நன்றாகக் காய்ந்ததும் பிரஷ்ஷால் உதறிவிட்டு, பச்சைத் தண்ணீரில் சோப்புத்தூள் போட்டு ஊறவைத்துத் துவைத்தால் பெரும்பாலும் போய்விடும். ஈரத்தோடு தேய்த்தால் மண் இன்னும் உள்ளே இறங்கும். இதை ஒரு தரம் சொல்லிக்கொடுத்தேன். இப்போது அவரே டீமில் மற்றவர்களுக்கு வகுப்பு எடுக்கிறாராம்!

அந்த மூன்றாவது ஞாயிறு எதற்கு என்று கேட்பீர்கள். அதற்கு நான் உங்களை ஒன்று கேட்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் நீங்கள் என்ன விளையாடினீர்கள்? வளையப்பந்தா, எறிபந்தா, பூப்பந்தா? அதை எந்த வயதில் விட்டீர்கள்?

நம்மில் பலருக்குப் பதில் பதின்மூன்று, பதினாலு என்றுதான் வரும். “வயசுக்கு வந்த பொண்ணுக்கு என்ன ஓட்டம், இந்த வயசுல?” என்று யாரோ ஒருவர் சொன்னார்கள், வளையம் அங்கேயே விழுந்தது. ஆக, அந்தக் கேள்வியை முதன்முதலில் வாங்கிக்கொண்டவர்கள் நாம்தான். ஐம்பத்தொரு வயதுக்காரரிடம் நாம் கேட்பது, பதின்மூன்று வயதில் நம்மிடம் கேட்கப்பட்டதைத்தான்.

அப்படி நிற்காத பெண்களும் இருந்தார்கள். பெண்களுக்கான கிரிக்கெட் உலகக் கோப்பை 1973-லேயே இங்கிலாந்தில் நடந்தது, ஆண்களுக்கு 1975-ல்தான். உலகக் கோப்பையில் சதம் அடித்த முதல் இந்தியப் பெண், நம் தமிழ்நாட்டு திருஷ் காமினி. 2013-ல், மும்பையில். 2025 நவம்பரில் நம் பெண்கள் உலகக் கோப்பையையே கொண்டுவந்தார்கள்.

நாம் கோப்பை கொண்டுவர வேண்டியதில்லை. நாற்பத்தைந்துக்குமேல் பெண்களுக்கு எலும்பு தேய ஆரம்பிக்கிறது. நடையும், தசைக்குப் பலம் தரும் பயிற்சியும் அந்தத் தேய்மானத்தைத் தாமதப்படுத்தும். மேலே சொன்ன படிப்பயிற்சி, நாற்காலிப் பயிற்சி எல்லாம் நமக்கும் சேர்த்துத்தான். மூன்றாவது ஞாயிறு காலையில் நாங்கள் நாலு பெண்கள் கிரிவலப் பாதையில் கொஞ்ச தூரம் வீச்சாக நடந்துவிட்டு, ஒரு தோழி வீட்டு மொட்டை மாடியில் துணி காயப்போடும் கொடியையே வலையாக வைத்து வளையப்பந்து ஆடுகிறோம். எல்லாருக்கும் வயது நாற்பத்தெட்டுக்கு மேல். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஆடுகிற எங்களைப் பார்க்க எதிர் மாடியில் ஒரு கூட்டமே கூடுகிறது. கூடட்டுமே!

உங்கள் வீட்டில் ஞாயிறு யாருடையது? நீங்கள் விட்ட ஆட்டம் எது? எழுதுங்கள். முதலில், வளையம் ஒன்று வாங்கிவிட்டு எழுதுங்கள். நூறு ரூபாய் கொடுத்தால் பாக்கி சில்லறையும் வரும்.